மைக்கேல்ராஜ் திறந்த கண்

“என் தம்பி கொலகாரனா? சொல்லுய்யா. வாயத் தொறந்து சொல்லு, என் தம்பி கொலகாரனா?”

ஹரிஷ்குமார் ஓவியர் மைக்கேல்ராஜின் காலரைப் பிடித்து, மாடிப்படிக் கைப்பிடிச் சுவரின் மேல் அவர் முதுகை வளைத்து வைத்திருந்தான். கீழே வைசாகப் பௌர்ணமிப் பால்பாயசத்துக்கு நின்ற வரிசை கலையவில்லை. கையில் டம்ளர், கண் மாடியில். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பாயசமும் சண்டையும் ஒரே வாசலில் கிடைத்தால் யார்தான் வீட்டுக்குப் போவார்கள்.

எதிர்வீட்டு மாடி ஜன்னலில் வனஜா. எங்கள் சந்தில் எதிர்வீடு என்றால் கை நீட்டிக் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளும் தூரம்தான். அவள் கத்தினால் நம் வீட்டு டிவிக்குள்ளிருந்து கத்துவது போல இருக்கும். “அவர ஏன்டா அடிக்கிற? எம்புள்ள புத்தரு பக்கத்துல நிக்கிறான். எல்லாரும் மேல போய்ப் பாருங்க, நல்லா பாருங்க.”

“உம்புள்ள நிக்க வேண்டிய எடம் ஜெயிலு,” என்றான் ஹரிஷ்குமார், திரும்பாமலே.

மைக்கேல்ராஜ் அறுபதை நெருங்கும் மெலிந்த மனுஷர். மூச்சுத் திணற அவர் சொன்ன சமாதானம்தான் காரியத்தைக் கெடுத்தது. “தம்பி, ரத்தம் வர்றவருதான தம்பி சாமி? ரொம்ப நல்லவருக்கு வெச்சிடுன்னுதான அம்மா சொன்னாங்க?”

ஹரிஷ்குமார் காலரை விட்டான். எந்தக் கையால் வரைந்தாய் என்று கேட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய அந்த மனுஷர் வலது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அவன் அந்த மணிக்கட்டைச் சுவரின் விளிம்பில் வைத்து, தன் உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் இறக்கினான். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். வரிசையின் கடைசியில் நின்ற மளிகைக்கடைக் கோவிந்தப்பா தனக்கும் கேட்டது என்கிறார்; அவருக்குக் கேட்காதது எதுவும் கிடையாது. மைக்கேல்ராஜ் படிகளில் உருண்டு பாயச அண்டாவின் மேல் போய் விழுந்தார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. கழுத்திலும் தோளிலும் கொட்டி, தோல் அப்பளம் மாதிரி எழும்பியது. தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலேறி வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் வெள்ளைப் புடவையில் பாயசக் கறையோடு அலறினார்கள்.

இவ்வளவும் சுவரில் இருந்த இரண்டு முகங்களுக்காக.

தனலக்ஷ்மி எங்கள் சந்துக்கு வந்தது தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகு. புருஷன் பூமிக்கடியில் தூசியைத் தின்றவர். இங்கே வந்து சில வருஷம் இருமிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவள் மாநகராட்சியில் துப்புரவு மேஸ்திரி. பிள்ளைகள் இரண்டு பேர்: மூத்தவன் ஹரிஷ்குமார் எலக்ட்ரீஷியன், இளையவன் ரோஹன். தாத்தா காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம் என்பாள். மாரியம்மன் கோயிலுக்கும் வராமல், சர்ச்சுக்கும் போகாமல், ஞாயிற்றுக்கிழமை மாடி ஹாலில் கண்ணை மூடி உட்காரும் ஆட்களை என்ன செய்வது என்று சந்துக்குத் தெரியவில்லை. பாயசம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டோம்.

அவள் சொல்லிக்கொடுக்கும் தியானம் எளிது. மனசுக்குள் எது வந்தாலும் துரத்தாதே, பிடித்தும் வைக்காதே, ‘இருக்கு’ என்று மட்டும் சொல்லிக்கொள். மூட்டு வலிக்கிறதா, இருக்கு. கொசு கடிக்கிறதா, இருக்கு. மருமகள் மதிக்கவில்லையா, அதுவும் இருக்கு. ஏற்றுக்கொள்வதுதான் பாதி விடுதலை என்பாள். நாங்கள் அவர்களுக்கு ‘இருக்கு கோஷ்டி’ என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்தது தெரிந்ததும் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களைக் கிண்டல் செய்வதில் ஒரு சுகமும் இல்லை.

ஆனால் அவளால் ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்று இருந்தது. எதிர்வீட்டு வனஜாவின் மகன் யுவன்.

யுவனும் ரோஹனும் ஒன்றாகத் திரிந்தவர்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆள் ஏற்றி இறக்கும் கம்பெனி கேப் இரண்டு பேரும் ஓட்டினார்கள். ரோஹன் குடித்துவிட்டு வண்டி எடுக்கிறான் என்று யுவன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான். ரோஹனுக்கு வேலை போனது. நண்பனே காட்டிக்கொடுத்தான் என்று ரோஹன் தெருத்தெருவாகச் சொன்னான். மேம்பாலத்தில் வண்டி சுவரை உரசியபோது பின்சீட்டில் இருந்த பெண் செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று யுவன் கேட்டான். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் சந்து நடுவில் மோதினார்கள். குரல் கேட்டதும் எல்லாக் கதவும் திறந்தது. கத்தி தெரிந்ததும் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. முதலில் சாத்தியது யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

மறுபடி திறந்தபோது ரோஹன் சாக்கடை ஓரம் கிடந்தான். அடிவயிற்றில் ஒரு குத்து, விலாவுக்குக் கீழே இன்னொன்று. தனலக்ஷ்மி முந்தானையைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். துணி உள்ளே போனதே தவிர ரத்தம் நிற்கவில்லை. அவள் முழங்கை வரைக்கும் ஏறியது. யுவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது முன்கை நீளமாகப் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வலது கையில் கத்தி. யாரோ கீழே போடச் சொன்னார்கள், விரல் விரியவில்லை.

யுவன் கத்தியோடு வந்தான், குத்தினான் என்று போலீசிடம் தனலக்ஷ்மி சொன்னாள். கத்தி தன்னுடையது இல்லை, பிடுங்கினேன் என்று யுவன் சொன்னான். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்பவனை யார் நம்புவது. பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் இரண்டு வருஷம் கிடந்துவிட்டு, அந்த வைசாகத்துக்குச் சில நாள் முன்னால்தான் ஜாமீனில் வந்தான். வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி தனலக்ஷ்மி. அவள் கூண்டில் ஏறிப் பழைய வார்த்தையையே சொன்னால் ஆயுள் தண்டனைதான் என்று வக்கீல் வனஜாவிடம் சொல்லியிருந்தார். வனஜா அதை எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

இந்த இடத்தில்தான் சுவர்ப்படம் வருகிறது.

இலங்கைக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர் அங்கே ஒரு பழைய விகாரையின் சுவரோவியத்தை போனில் பிடித்து அனுப்பியிருந்தார். நடுவில் புத்தர். ஒரு பக்கம் அமைதியாக நிற்கும் சீடர் ஆனந்தர். இன்னொரு பக்கம் ஒரு துறவி மண்டியிட்டிருக்கிறார். மண்டை உடைந்து முகமெல்லாம் ரத்தம், கையில் உடைந்த பிச்சைப் பாத்திரம். அந்தத் துறவி அங்குலிமாலன். ஆட்களை வெட்டி விரல்களை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தவன், பிறகு திருந்திக் காவி கட்டியவன். பிச்சைக்குப் போன ஊரில் ஜனங்கள் அவனை மறக்காமல் கல்லால் அடிக்கிறார்கள். ரத்தத்தோடு வந்து நிற்பவனிடம் புத்தர் ஆறுதல் சொல்வதில்லை. பொறுத்துக்கொள், நீ செய்ததுதான் திரும்பி வருகிறது என்கிறார். அவனும் பொறுத்துக்கொள்கிறான்.

தனலக்ஷ்மிக்கு அந்தப் படம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. கொலைகாரன் ஒருவன் மண்டியிட்டு அடி வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்கிற படம். ஏற்றுக்கொள்ள வேண்டியவன் எதிர்வீட்டில் இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாடி ஹால் சுவரில் அதைப் பெரிதாக வரையச் சொல்லி, காக்ஸ் டவுன் மைக்கேல்ராஜைக் கூப்பிட்டாள். ஆனந்தருக்கு மட்டும் தன் ரோஹனின் முகம் வேண்டும் என்று அவள் ஆசை. அதைச் சொல்ல வாய் கூசியதோ என்னவோ, பெயரைச் சொல்லவில்லை. இந்தப் படத்தில் ரொம்ப நல்லவர் யாரோ அவருக்கு என் பிள்ளை முகத்தை வைத்துவிடு என்றாள்.

அதற்குக் கொடுத்தது ரோஹனும் யுவனும் நந்தி மலையில் தோளில் கை போட்டு நிற்கிற போட்டோ. பிள்ளை சிரித்தபடி இருப்பது அந்த ஒரு போட்டோவில்தான். யுவன் இருக்கும் பாதியைப் பின்னால் மடித்துக் கொடுத்தாள். மைக்கேல்ராஜ் மடிப்பைப் பிரித்தார்.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. வாழ்நாள் முழுக்க சர்ச் பீடங்களுக்கு முள்முடியும் அம்பு தைத்த மார்பும் வரைந்தவர். கடையில் இருக்கிற நல்ல சிவப்பு யாருக்குப் போகிறதோ அவரே பரிசுத்தர் என்பதுதான் அவர் தொழிலில் முதல் பாடம். முகமெல்லாம் ரத்தம் வழிய மண்டியிட்டிருப்பவரைப் பார்த்தார். இதைவிட நல்லவர் படத்தில் யார் இருக்க முடியும்? செத்துப்போன பிள்ளையின் முகத்தை அங்கே வைத்தார். பக்கத்தில் சும்மா நிற்கிற ஆளுக்கும் ஒரு முகம் வேண்டுமே என்று போட்டோவில் மிச்சமிருந்ததை வைத்துவிட்டார். மூக்கு, முடி, யுவனின் உதட்டோரத் தழும்பு வரை அச்சு அசல்.

யாரும் நடுவில் பார்க்கவில்லை. பிள்ளை முகத்தை அரைகுறையாகப் பார்க்க மாட்டேன் என்று தனலக்ஷ்மி வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தவிர, கண் திறக்காத வரைக்கும் அது வெறும் பெயிண்ட்தான் என்பது அவர்கள் வழக்கம். பௌர்ணமி விடிகாலையில் கோலார்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பிக்கு துணிக்குப் பின்னால் ஓத, மைக்கேல்ராஜ் புத்தரில் தொடங்கி ஒவ்வொரு முகமாகக் கண் திறந்தார். பிக்குவுக்கு எந்த முகம் யாருடையது என்று தெரியாது. கூட்டம் சேர்ந்ததும் துணியை இறக்கினார்கள். கொலைகாரத் துறவியாக ரோஹன் ரத்தம் வழிய மண்டியிட்டிருந்தான். புத்தரின் பக்கத்தில் யுவன் சாந்தமாக நின்றிருந்தான்.

மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மைக்கேல்ராஜை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு ஹரிஷ்குமார் சுண்ணாம்பு டப்பாவும் கரண்டியுமாக மேலே ஏறினான். பிக்கு வாசலில் நின்றிருந்தார். கண் திறந்த படத்தைச் சுரண்டக் கூடாது, பூசக் கூடாது என்றார். அப்படியென்றால் என்ன செய்வது என்று அவன் கேட்க, பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான். சாப்பிடாமல்கூட ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். ஹரிஷ்குமார் டப்பாவைத் தூக்கி அடித்தான்; அது அவன் அம்மாவின் காலடியில் வெடித்துச் சிதறியது. அவள் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். வழக்கம்டா, தொடாதே என்றாள்.

வழக்கம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்புறம் வனஜாவின் ஜன்னல் வழியாகத் தகவல் வரத் தொடங்கியது. தனலக்ஷ்மி வேலைக்குப் போய்வந்த உடனே, சாப்பாடுகூட இல்லாமல், அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்கிறாளாம். கண்ணை மூடுவதில்லையாம். எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் வந்து உட்கார்கிறாளாம். ஒரு தடவை தன் கன்னத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டாளாம். முதலில் வனஜா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கி மாட்டினாள். வனஜா தன் ஜன்னலுக்குத் திரை போட்ட விஷயமே தனியாக ஒரு வாரம் பேசப்பட்டது.

ஹரிஷ்குமார் அந்தப் பக்கம் வேறு தியானத்தில் இருந்தான். யுவனின் பைக் ஒரு காலையில் எரிந்து கிடந்தது. வனஜாவின் வாசலில் யாரோ செத்த பெருச்சாளியை ஆணியடித்துவிட்டுப் போனார்கள். மைக்கேல்ராஜின் மகள் ஜெனிஃபர், பள்ளிக்கூட டீச்சர், ஒரு நாள் நேராகச் சந்துக்குள் வந்து, எங்கப்பா கைய ஒடிச்சது யாரு என்று கேட்டு, அடையாளம் காட்டியதும் ஹரிஷ்குமாரைச் செருப்பால் அடித்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் எழுதிக் கொடுத்தாள். அவனைக் கூட்டிப்போய் உள்ளங்காலில் அடித்து அனுப்பினார்கள். நொண்டிக்கொண்டு வந்தவன் முகத்தைப் பார்த்து, இது நல்லதுக்கில்லை என்று கோவிந்தப்பா ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தே வியாபாரம் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. ரயில்வே காம்பவுண்டு ஓரம் பால் வாங்கப் போன யுவனை ஹரிஷ்குமார் இரும்புக் குழாயோடு மடக்கினான். வயர் இழுக்கிற கனமான குழாய். முதல் அடி காதோடு சேர்த்து மண்டையில். விழுந்தவனை முதுகிலும் தொடையிலும் அடித்தான். பல் ஒன்று தெறித்துப் பால் பாக்கெட்டின் மேல் விழுந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். யுவன் திருப்பி அடிக்கவில்லை. கை ஓங்கினால் ஜாமீன் போய்விடும் என்பதால் என்று ஒரு கட்சி. ஜெயிலில் அடி வாங்கிப் பழகிவிட்டான் என்று இன்னொரு கட்சி. ஆட்கள் சேர்ந்ததும் ஹரிஷ்குமார் விலகி நடந்தான்.

வனஜா ஓடி வந்தாள். மகனைத் தூக்கி நிறுத்தினாள். எல்லோரும் ஆட்டோவைக் கூப்பிட, அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகத் தனலக்ஷ்மியின் மாடிப்படியில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு சண்டை பாக்கி இருந்தால் வனஜாவால் அதை முடிக்காமல் போக முடியாது. நாங்களும் பின்னால் ஏறினோம். துணைக்கு யாராவது வேண்டாமா.

மேலே இருக்கு கோஷ்டி பாய் விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. வனஜா மகனை நடுவில் தள்ளினாள். அவன் கால் மடங்கி, முட்டி போட்டு விழுந்தான். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கிப் பாயில் சொட்டியது.

“உம்புள்ள செஞ்சத பாரு,” என்றாள் வனஜா. “கண்ணத் தொறந்து பாத்துட்டு, இருக்குன்னு சொல்லு பாக்கலாம்.”

தனலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். ஹரிஷ்குமார் குழாயோடு வந்துவிட்டான். எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, முடித்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிக் குழாயை இரண்டு கையாலும் ஓங்கினான். மூட்டு வலிக்காரி தனலக்ஷ்மி எப்படி அத்தனை வேகமாக எழுந்தாள் என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை. குழாய் அவள் தோளில் இறங்கியது. காறை எலும்பு இரண்டாகி, தோலுக்கு அடியில் கூராக எழும்பி நின்றது. அவள் யுவனின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஹரிஷ்குமார் குழாயைப் பிடித்தபடி அம்மா, அம்மா என்றான்.

“ஹரிஷு, கத்தி நம்முளுது.”

“இன்னாம்மா சொல்ற?”

“கத்தி நம்ம வூட்டுது. கைப்பிடி ஆடுதுன்னு நீ செவப்பு டேப்பு சுத்திக் குடுத்தியே, அது. ரோஹனுதான் எடுத்துகினு எறங்கினான். நான் படியில நின்னுகினு இருந்தேன். இவன் வெறுங்கையா நின்னான். மொதல்ல இவன் கையத்தான் ரோஹன் கிழிச்சான்.”

தம்பி செத்த பிறகு அவன் அந்தக் கத்தியைப் பார்த்ததே இல்லை, போலீஸ் எடுத்துப்போய்விட்டது. சிவப்பு டேப் சுற்றியது மட்டும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் அப்படி மாறியது.

“ரெண்டு வருஷமா ஏம்மா சொல்லல?”

“செத்துப்போன புள்ளைக்கு வேற இன்னாடா குடுப்பேன்.”

வனஜாவுக்கு அழுகை வந்தது, கூடவே வெற்றியும் வந்தது. கேட்டுக்கிட்டீங்களா, எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா என்று எங்களைப் பார்த்துத் திரும்பினாள். தனலக்ஷ்மி இன்னும் முடிக்கவில்லை. முதல் குத்து கையை முறுக்கும்போது பட்டது, இரண்டாவது அப்படி இல்லை என்றாள். ரோஹன் அப்போது கீழே விழுந்துவிட்டான், கத்தி யுவன் கைக்கு வந்துவிட்டது, அதற்கப்புறம்தான் அந்தக் குத்து. கோர்ட்டில் இரண்டையும் சொல்லப்போகிறேன், ஒன்றைச் சொல்லி ஒன்றை விட மாட்டேன் என்றாள்.

“ஆமா ஆன்ட்டி,” என்றான் யுவன், உடைந்த பல்லோடு. “ரெண்டாவது நான்தான் குத்தினேன்.”

வனஜா அவன் வாயிலேயே ஓங்கி ஒரு அறை விட்டாள். அன்றைய கடைசி அடி அதுவல்ல. ஹரிஷ்குமார் சுவர்ப்படத்தைப் பார்த்தான். குழாயைத் தூக்கினான். தம்பியின் முகத்தில் இறக்கப்போகிறான் என்று நாங்கள் பின்வாங்கினோம். குழாய் கீழே விழுந்தது. அவன் போய்க் கதவு நிலையில் தன் நெற்றியை மோதினான். மறுபடியும் மோதினான். ரத்தம் வந்த பிறகும் மோதினான். கோஷ்டி ஆட்கள் பிடித்து இழுத்தபோது அவர்களில் ஒருவருக்கு உதடு கிழிந்தது.

அன்றைக்கு ஒரே ஆட்டோவில் தனலக்ஷ்மியும் யுவனும் வனஜாவும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேறு ஆட்டோ வரவில்லை. வழியெல்லாம் வனஜா திட்டிக்கொண்டே போனதாகவும், தனலக்ஷ்மியின் தோள் குலுங்காமல் இருக்க ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்ததாகவும் டிரைவர் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு மைக்கேல்ராஜ் பிற்பாடு ஒரு நாள் வந்து, கை தேறியதும் முகத்தை மாற்றித் தருகிறேன் அம்மா என்றார். முகம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினாள்.

கோர்ட்டுக்குத் தோளில் தூளி கட்டிக்கொண்டு போனாள். போலீசிடம் சொன்னது பொய் என்று கூண்டில் சொன்னபோது அரசாங்க வக்கீல் கோப்பை மேஜையில் அடித்தாராம். சாட்சி மாறிவிட்டாள், எதிர்த்தரப்பு விலைக்கு வாங்கிவிட்டது என்று கேள்வி மேல் கேள்வி போட்டு நாறடித்தாராம். யுவனின் வக்கீலுக்கோ முதல் பாதியே போதும். உட்காருங்கள் அம்மா என்றார். அவள் உட்காராமல் இரண்டாவது குத்தையும் சொன்னாள். கொலை இல்லை, ஆனால் தற்காப்போடும் நிற்கவில்லை என்று தீர்ப்பானது. யுவன் மறுபடி உள்ளே போனான். மேலே அப்பீல் போடலாம் என்று வனஜா தலையால் அடித்துக்கொண்டாள். அவன் வேண்டாம் என்றுவிட்டான். உள்ளே இருந்த காலம் கழிந்துபோக, மிச்சத்தை முடித்து இந்த வருஷம் வெளியே வந்தான்.

வந்தவன் ஸ்ரீராம்புரத்தில் தங்கவில்லை. ஓசூரில் லாரி ஷெட்டில் வேலை. அவனுக்காகக் காத்திருந்த தாரணி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டான். வனஜா கூடப் போய்ப் பார்த்தாள். மருமகளோடு ஒரு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போகிறாள். தியானமெல்லாம் இல்லை, ஃபேன் காற்றுக்கு என்கிறாள்.

செருப்பால் அடித்த ஜெனிஃபரையே ஹரிஷ்குமார் கட்டிக்கொள்வான் என்று சந்து ஒருமனதாக முடிவு செய்து வைத்திருந்தது. மைக்கேல்ராஜ் வீட்டுக்கு அவன் பழம் வாங்கிக்கொண்டு போய்வந்ததும் உண்மை. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் லிங்கராஜபுரத்துப் பீட்டரைக் கட்டிக்கொண்டாள்.

ஹரிஷ்குமார் தீர்ப்புக்கு முன்பே எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விட்டான், ஒரு அபார்ட்மெண்டில் எலக்ட்ரீஷியன் வேலை, அங்கேயே ஒரு அறை. அம்மாவோடு பேச்சில்லை. போன ஆவணியில் ஆம்பூர்ப் பெண் சௌம்யாவோடு கல்யாணம். பத்திரிகையைக் கோவிந்தப்பா கடையில் கொடுத்து, அம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னான். தனலக்ஷ்மி வனஜாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மேடையிலிருந்து பார்த்தான், இறங்கி வரவில்லை. கூட்டம் குறைந்ததும் சௌம்யா மட்டும் மாலையோடு இறங்கி வந்து, “அத்த, நீங்க சாப்ட்டுத்தான் போவணுமாம், அவரு சொல்லச் சொன்னாரு,” என்றாள்.

தனலக்ஷ்மி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். இப்போது சௌம்யாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு ஆம்பூர் போகிறாளா, ஸ்ரீராம்புரம் வருகிறாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. வனஜா மட்டும் தன் வீட்டுக் கீழ்ப்போர்ஷனை வேறு யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறாள்.